தவக்கை முட்டையும் கஞ்சி வீடும்

சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் விடுதிச்சாலையில் சவ்வரிசிப் புடிங் தருவார்கள். பால் குறைவு, தண்ணீர் கூட. அதற்கு எங்கள் வகுப்பு வைத்திருந்த பெயர் ‘தவக்கை முட்டை’. மாரிகாலத்தில் கிணற்றடித் தொட்டியில் மிதக்கும் தவக்கை முட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. “இண்டைக்கு உனக்கு எத்தினை முட்டையடி?” என்று மேற்றனின் காதில் விழாமல் கேட்டுக்கொண்டு, ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தபடி கோப்பையை வழித்து முடித்துவிடுவோம். பெயர் அருவருப்பானதுதான். ஆனால் ஒருநாளாவது மிச்சம் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

இராச் சாப்பாட்டுச் சொதிக்கு ‘கீரிமலை’ என்று பெயர். இறங்கிக் குளிக்கலாம் என்பது அர்த்தம். இரண்டு நாள் வைத்த ரோஸ் பாணின் கரை ‘கோட்டை மதில்’. பருப்புக் கறியில் பருப்பைத் தேடுவதற்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இந்த மலரில் அச்சேற்ற ஆசிரியர் குழு சம்மதிக்காது. எங்களுக்கு முன்னிருந்த அக்காமாரிடம் வேறு பெயர்கள் இருந்தன. எங்களுக்குப் பின் வந்தவர்களும் தங்களுக்கென்று சில வைத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைப்பதைப் ‘பட்டம் தெளித்தல்’ என்போம். ஆளுக்குப் பட்டம் தெளிப்பது பாவம் என்று வீட்டில் பேசுவார்கள். சாப்பாட்டுக்குத் தெளித்தால் யாருக்கும் நோகாது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பின்னாளில் ஆங்கிலம் கற்பிக்க வந்து, அந்த மொழியின் அகராதிகளைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான், சாப்பாட்டின் பட்டப்பெயர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்றும், அதில் எங்கள் சோற்றுப்பானைக்கும் ஓர் இடம் உண்டென்றும் தெரிந்தது. நூற்றாண்டு மலருக்குப் பெரிய விடயங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இந்தச் சின்ன விடயத்தை எழுதுகிறேன்.

ஆங்கிலப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசை

முதலில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம் எங்கள் தவக்கை முட்டையே. இங்கிலாந்துப் பாடசாலைகளில் சவ்வரிசிப் புடிங்கையும் மரவள்ளி மாவில் செய்த ரப்பியோக்காப் புடிங்கையும் பிள்ளைகள் ‘ஃபுரொக்ஸ்போன்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். அதன் பொருளும் தவக்கை முட்டைதான். அவர்களிடமிருந்து நாங்கள் படிக்கவில்லை. எங்களிடமிருந்து அவர்கள் படித்திருக்கவும் வழியில்லை. ஒரே வகையான புடிங், ஒரே வகையான விடுதிச்சாலை, ஒரே வகையான பசி. ஆதலால் ஒரே பகிடி.

அவர்களின் பட்டியல் நீளமானது. ஜாம் வைத்துச் சுருட்டி அவித்த புடிங்குக்கு ‘செத்தவன் கால்’ என்று பெயர். முற்காலத்தில் அதைப் பழைய சேட்டுக் கையில் இட்டு அவிப்பார்களாம். ஆகவே ‘செத்தவன் கை’ என்பாரும் உண்டு. உலர்ந்த முந்திரிகைப் பழம் பதித்த பணியாரம் ‘இலையான் சுடுகாடு’. அதே பழம் வைத்த கரிபால்டி பிஸ்கற் ‘நசிந்த இலையான் பிஸ்கற்’. உலர்ந்த பழம் போட்ட கொழுப்புப் புடிங் ‘புள்ளி நாய்’. சொசேஜுக்கு ‘பாங்கர்ஸ்’, அதாவது வெடி என்று பெயர். தாச்சியில் போட்டால் தோல் வெடிக்கும் என்பதால் வந்தது என்று சொல்வார்கள். மாவைக் கரைத்து ஊற்றி நடுவில் சொசேஜ் வைத்துச் சுட்டால் அது ‘பொந்துக்குள் தேரை’. அதில் தேரையும் இல்லை, பொந்தும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பபிள் அன் ஸ்குவீக்’. முதல்நாள் மிஞ்சின உருளைக்கிழங்கையும் கோவாவையும் சேர்த்து வதக்கும்போது எழும் கொதிப்புச் சத்தமும் கீச்சுச் சத்தமுமே பெயராகிவிட்டன. எங்கள் கொத்துரொட்டியும் அப்படித்தான் பெயர் பெற்றது. தகட்டில் இரும்பு விழுந்து கொத்தும் ஓசை தெருமுனை வரை கேட்கும். பெயர் அந்தக் கொத்தலிலிருந்தே வந்தது. மிஞ்சினதை வீசாமல் இன்னொரு சாப்பாடாக்கும் இடங்களில் நகைச்சுவை தானாகவே பிறக்கிறது போலும்.

இலண்டன் கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் எதுகை பார்த்துப் பெயர் வைப்பார்கள். ரீக்கு எதுகையாக ‘ரோசி லீ’. கறி என்பதற்கு எதுகையாக ‘ரூபி மறி’. ரூபி மறி 1950களில் புகழ் பெற்றிருந்த பெல்பாஸ்ட் பாடகி. இன்று இலண்டனில் ‘ஒரு ரூபிக்குப் போவோம்’ என்றால் கறிக்கடைக்குப் போவோம் என்று அர்த்தம். அமெரிக்காவின் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் வறுத்த பாணின் மேல் இரண்டு முட்டை வைத்துத் தருவதற்கு ‘தெப்பத்தில் ஆதாமும் ஏவாளும்’ என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்கள்.

இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யார் என்று பாருங்கள். விடுதிப் பிள்ளைகள், சிப்பாய்கள், கப்பற்காரர், தொழிலாளர், பரிமாறும் பெண்கள். தமக்கு என்ன சமைக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இவர்கள் எவருக்கும் இல்லை. கோப்பையில் விழுவதைச் சாப்பிட வேண்டியவர்கள். சாப்பாட்டை மாற்ற முடியாதவர்கள் பெயரை மாற்றினார்கள்.

‘அந்தச் சொல் ஆங்கிலத்தில் இல்லை’

இனி எங்கள் பக்கத்துக் கதை. நான் சிறிய வகுப்பில் படித்தபோது ‘எனது விடுமுறை’ என்று ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதினேன். விடுமுறையில் அம்மம்மா விடியற்காலையில் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சித் தந்ததை எழுதும்போது, கஞ்சி என்பதை ஒலிப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன். திரும்பி வந்த கொப்பியில் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ‘பொரிட்ஜ்’ என்று திருத்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “அந்தச் சொல் ஆங்கிலத்தில் இல்லைப் பிள்ளை” என்றார் ஆசிரியை. அவரும் வீட்டில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்தான். குற்றம் அவருடையதல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் திருத்தியிருப்பார்கள். ஆனால் அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் சொல்லைப் பற்றியதாக இருக்கவில்லை. கஞ்சியைப் பற்றியதாக இருந்தது. அம்மம்மாவைப் பற்றியதாகவும் இருந்தது.

உண்மை என்னவென்றால், அந்தச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் கல்லூரி தொடங்குவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இருந்தது. கஞ்சியைப் போர்த்துக்கேயர் முதலில் எடுத்தார்கள். கோவாவில் வாழ்ந்த வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட மூலிகை நூலில் அந்தச் சொல் வருகிறது. இன்றும் போர்த்துக்கலில் சோறிட்ட கோழிச் சூப்புக்கு ‘கான்ஜா’ என்றே பெயர். காய்ச்சலில் கிடப்பவருக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். ஆங்கிலேயர் அதைக் ‘கொஞ்சி’ ஆக்கினார்கள். இன்று ஹொங்கொங்கில் காலைச் சாப்பாட்டு அரிசிக் கஞ்சிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்ன நூல் ‘ஹொப்சன் ஜொப்சன்’. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சில் கலந்த உள்ளூர்ச் சொற்களின் அகராதி அது. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஏ. சி. பேர்னலும் தொகுத்தது; 1886இல் வெளிவந்தது. பேர்னல் நூல் வெளிவருவதற்கு நான்கு வருடம் முன்னரே காலமாகிவிட்டார். நூலின் தலைப்பே ஒரு பகிடிதான். முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த துக்கக் குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம் அது. ஒருவரின் ஒப்பாரி இன்னொருவரின் வாயில் விளையாட்டுச் சொல்லாக மாறியது. இதை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

அந்த அகராதியில் ‘கொஞ்சி ஹவுஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கஞ்சி வீடு. நான் முதலில் அன்னசத்திரம் என்று நினைத்தேன். இல்லை. படைமுகாமில் குற்றம் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்கு வெள்ளைச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. உள்ளே கிடைப்பது கஞ்சி என்பதால் கஞ்சி வீடு. அம்மம்மா ஊதி ஊதிக் குடிக்கத் தந்தது ஒரு படைக்குத் தண்டனையின் பெயராக இருந்திருக்கிறது.

மிளகுத்தண்ணியின் பயணம்

மிளகுத்தண்ணியின் கதையும் சிறையிலேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘முலிகட்டோனி’ என்ற சொல்லுக்கு ஹொப்சன் ஜொப்சன் காட்டும் மிகப் பழைய சான்று 1784ஆம் ஆண்டுக்குரியது. ஹைதர் அலியின் படையிடம் அகப்பட்டிருந்த ஆங்கிலக் கடற்படையாள் ஒருவர், பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியுமே எமக்குச் சாப்பாடு என்று நொந்து பாடிய பாட்டு அது. கைதிகளின் வாயில் கேலியாகப் புகுந்த சொல் பிறகு உத்தியோகத்தரின் மேசைக்கு ஏறியது. அவர்கள் அதில் இறைச்சியைப் போட்டார்கள், மாவைக் கரைத்துத் தடிப்பாக்கினார்கள். பின்னர் அது தகரத்தில் அடைத்த சூப்பாக இங்கிலாந்துக் கடைகளில் விற்கப்பட்டது. மிளகும் தண்ணியும் மட்டும் அதற்குள் எங்கேயோ தொலைந்து போயின.

அந்தக் காலத்தில் மூன்று மாகாணங்களின் ஆங்கில உத்தியோகத்தர் ஒருவரையொருவர் கேலி செய்யவும் எங்கள் சாப்பாடே உதவியது. சென்னை மாகாணத்தார் எந்நேரமும் மிளகுத்தண்ணி குடிப்பவர்கள் என்று ‘மல்ஸ்’ என்றழைக்கப்பட்டார்கள். பம்பாய் மாகாணத்தாருக்கு ‘டக்ஸ்’ என்று பெயர். அது ‘பம்பாய்த் தாரா’ என்பதன் சுருக்கம். பம்பாய்த் தாரா தாரா அல்ல. அது காயவைத்த மீன்!

கறியின் கதை வேறு விதம். 1660இல் இலங்கையில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கைதியாக வாழ்ந்து தப்பியோடிய றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் அச்சிட்ட தன் நூலில், இந்தத் தீவு மக்கள் பிஞ்சுக் காய்களை அவித்துச் சோற்றோடு சாப்பிடும் ‘கறி’யைப் பற்றி எழுதுகிறார். அது போர்த்துக்கேயச் சொல் என்று அவர் நினைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் வாயிலாக அவருக்குக் கிடைத்ததால் வந்த பிழை. 1747இல் ஹனா கிளாஸ் என்ற ஆங்கிலப் பெண் தன் சமையற் புத்தகத்தில் ‘இந்திய முறைப்படி கறி வைத்தல்’ என்று ஒரு குறிப்பு எழுதினார். போட்ட சரக்கு மிளகும் கொத்தமல்லியும். அந்தக் கறிதான் சுற்றிச் சுற்றி, இருநூறு வருடத்துக்குப் பிறகு, ஒரு பாடகியின் பெயரைப் போர்த்திக்கொண்டு ‘ரூபி’யாக நடமாடுகிறது.

எங்கள் அப்பம் ஆங்கிலத்தில் ‘ஹொப்பர்’ ஆனது. ஹொப்பர் என்றால் துள்ளுவது. இடியப்பம் ‘ஸ்ரிங் ஹொப்பர்’, நூல் துள்ளி. வெண்டிக்காய் ‘சீமாட்டி விரல்’. முருங்கைக்காய் மேளம் அடிக்கும் தடி. முருங்கை மரத்துக்கு இன்னொரு பெயர் ‘ஹோர்ஸ் றடிஷ் மரம்’. அதன் வேரின் காரம் அவர்கள் ஊர்க் கிழங்கொன்றை நினைவூட்டியது. இவை எதுவும் கெட்ட எண்ணத்துடன் வைத்த பெயர்கள் அல்ல. தெரியாததைத் தெரிந்ததோடு பொருத்திப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தவக்கை முட்டை என்பது அதைச் சாப்பிட்ட எங்கள் வாயிலிருந்து வந்த பெயர். நூல் துள்ளி என்பது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வைத்த பெயர்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியையாக வந்த முதல் வருடங்களில் ஒரு பிள்ளை ‘இடியப்பம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் வெட்டி, ‘ஸ்ரிங் ஹொப்பர்ஸ்’ என்று திருத்தினேன். எனக்குச் செய்ததை நானும் செய்தேன். அந்தப் பிள்ளை இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும். அவள் எழுதியதே சரி.

நாங்கள் திருப்பித் தெளித்தவை

பெயர் வைப்பது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வந்தவர்களுடைய சொற்களையும் பொருட்களையும் எடுத்து எங்கள் வசதிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. மூவரும் போய்விட்டார்கள். சொற்கள் அடுக்களையிலேயே தங்கிவிட்டன. அடுக்களையே ‘குசினி’ ஆகிவிட்டது, அது போர்த்துக்கேயம். பாண், தாச்சி, கோப்பை, அன்னாசி, கொய்யா, கோவா எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. கோப்பி ஒல்லாந்தருடையது.

தேத்தண்ணியில் வரும் ‘தே’ சீனத்தின் ஹொக்கியன் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே எடுத்தார்கள். ஆனால் இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் வடக்கே வழங்கிய ‘சாய்’ என்பதைப் பிடித்துக்கொண்டு, ரீயைச் ‘சார்’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சாரும் ஒரு ‘வாட்’டும் என்றால் தேத்தண்ணியும் பணிசும். சீனத்தின் இரண்டு கரைகளிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்கள். ஒன்று எங்கள் குசினியில் மரியாதையாக இருக்கிறது. மற்றது அவர்கள் படைமுகாமில் பகிடியாக இருந்தது.

தமிழ்நாட்டில் இன்று மிகவும் மரியாதையாகப் புழங்கும் ‘டிபன்’ என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. சாப்பாட்டு நேரமல்லாத நேரத்தில் தின்பதையும் குடிப்பதையும் ‘டிஃபிங்’ என்று இங்கிலாந்தில் தெருப்பேச்சாகச் சொல்லி வந்தார்கள். பிரான்சிஸ் குறோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் அது பதிவாகியிருக்கிறது. அங்கே செத்துப்போன தெருச்சொல் சென்னையில் மாப்பிள்ளை வீட்டாரை உபசரிக்கும் சொல்லாகப் பிழைத்திருக்கிறது. ஒரு சொல் தாழ்ந்ததா உயர்ந்ததா என்பது சொல்லில் இல்லை. அது யாருடைய வாயில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கடையில் வாங்கும் பொருட்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களோ ஒரு பூமிசாத்திரப் பாடம். கோதுமை மாவுக்கு ‘அமெரிக்கன் மா’. பெரிய வெங்காயத்துக்கு ‘பம்பாய் வெங்காயம்’. வடக்கே ‘மசூர்’ என்று சொல்லும் சிவப்புப் பருப்பை, கேட்ட மாத்திரத்தில் ‘மைசூர்ப் பருப்பு’ ஆக்கிவிட்டோம். அதற்கும் மைசூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சீனி சீனாவின் பெயரைச் சுமந்து வந்தது. தெற்கிலிருந்து வந்த ‘கிம்புலா பணிஸ்’ என்ற பெயருக்கு முதலைப் பணிஸ் என்று பொருள். நீளமாக, வால் கூராக, முதுகில் சீனி தூவிக் கிடக்கும் அதைப் பார்த்தால் சிங்களம் தெரியாதவருக்கும் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. கூப்பனும் பங்கீடும் வந்தன. ‘கூப்பன் அரிசி’ என்ற சொல்லை எங்கள் தாய்மார் உச்சரிக்கும் விதத்திலேயே கல்லும் நெல்லும் கேட்கும். சங்கக்கடை வாசலில் நின்ற அனுபவம் 1970களின் பாண் வரிசைக் காலத்தில் எங்கள் தலைமுறைக்கும் கிடைத்தது. வீட்டில் பகிடியும் குறையவில்லை.

சிரிப்பின் எல்லை

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. இந்த மலரை வாசிக்கும் பலர் ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதியவர்கள். அந்த நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரி குடிப்போம். பனங்கட்டியும் இல்லாத ஒருநாள் விடுதிப் பிள்ளை ஒருத்தி எனக்கு வெறுந் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, “மிஸ், சீனியை நினைச்சுக்கொண்டு குடியுங்கோ” என்றாள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘நினைப்புத் தேத்தண்ணி’.

நான் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய் அழுதேன். எங்கள் தவக்கை முட்டையைவிட எவ்வளவு நல்ல பெயர் அது! எங்களுக்குக் கிடைத்தது பிடிக்காமல் பெயர் வைத்தோம். அவர்கள் கிடைக்காததற்குப் பெயர் வைத்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அந்த விடுதியும் அந்தச் சொல்லும் கலைந்து போயின. அந்தப் பிள்ளைகள் இன்று எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்களோ தெரியாது. சீனி போட்ட தேத்தண்ணி குடிக்கும்போது எப்போதாவது அந்தப் பெயர் நினைவுக்கு வருமா?

பகிடிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆங்கிலத்தின் இன்னொரு சொல் எனக்குக் கற்றுத் தந்தது. 1867இல் இங்கிலாந்தில் ஓல்ரன் என்ற ஊரில் ஃபனி அடம்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். ஏறக்குறைய அதே காலத்தில் கடற்படையில் தகரத்தில் அடைத்த ஆட்டிறைச்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இறைச்சி பிடிக்காத கப்பற்காரர் அதற்கு அந்தச் சிறுமியின் பெயரை வைத்தார்கள். காலப்போக்கில் அது ‘ஒன்றுமே இல்லை’ என்று பொருள்படும் தொடராகத் தேய்ந்துபோனது. சொல்லுபவர்களில் பலருக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது. கப்பற்காரரும் பாவப்பட்டவர்கள்தான், சாப்பாட்டை மாற்ற முடியாதவர்கள்தான். ஆனாலும் அந்தப் பகிடியின் விலையை அவர்கள் கொடுக்கவில்லை. அந்தத் தாய் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் மீண்டும் கஞ்சிக்கு வருகிறேன். சிப்பாயின் வாயில் சிறைக்குப் பெயரானது, எங்கள் ஆசிரியையின் சிவப்பு மையில் இல்லாத சொல்லானது, 2009இல் முள்ளிவாய்க்காலில் உயிர் தாங்கும் ஒரே சாப்பாடானது. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. இன்று ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் அதைக் காய்ச்சிச் சிரட்டையிலும் கோப்பையிலும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வாங்குபவர்கள் பேசாமல் குடிக்கிறார்கள். எதற்கும் பட்டம் தெளிக்கும் எங்கள் சனம் அந்தக் கஞ்சிக்கு மட்டும் பட்டம் தெளிக்கவில்லை. ஊரின் பெயரையும் கஞ்சியின் பெயரையும் சேர்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவரின் ஒப்பாரியை ‘ஹொப்சன் ஜொப்சன்’ ஆக்காமல் விடுவதற்கும் ஒரு மொழிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

யாழ்ப்பாணத்தில் சொற்களைத் தொகுப்பது புதிய வேலையல்ல. 1842இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் வழியாக வெளிவந்த யாழ்ப்பாண அகராதியில் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு இருக்கிறது. 1862இல் சென்னையில் வெளியான மிரன் வின்சிலோவின் பெரிய தமிழ் ஆங்கில அகராதிக்கு அடிப்படை வேலைகள் இங்கேதான் தொடங்கின. அதன் தலைப்பிலேயே ‘உயர்ந்த தமிழும் தாழ்ந்த தமிழும்’ என்ற கருத்து இருக்கிறது. தாழ்ந்ததென்று கருதப்பட்டதையும் விடாமல் எழுதி வைத்தார்கள் என்பதே அதன் பெருமை. அந்த வின்சிலோவின் துணைவியார் ஹரியற் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையை நடத்தத் தொடங்கியவர். பின்னர் 1896இல் சுண்டிக்குளியிலும் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியிலும் எனப் பெண்களுக்கான கல்விக்கூடங்கள் குடாநாட்டில் பெருகின. இருநூறு வருட விடுதிச் சாப்பாடு! எத்தனை ஆயிரம் பிள்ளைகள், எத்தனை சொதி, எத்தனை பெயர்கள்! அவற்றில் எத்தனை எழுதப்பட்டிருக்கின்றன?

எங்கள் சங்கத்தின் நூறு வருடத்தில் கூட்ட அறிக்கைகள் இருக்கின்றன, கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, பரிசளிப்பு விழாப் படங்கள் இருக்கின்றன. சாப்பாட்டு மண்டபத்தில் பேசிய பேச்சு எந்த அறிக்கையிலும் இல்லை. எங்களுக்கு மூத்த அக்காமார் ஒவ்வொருவராகப் போகும்போது அவர்களுடைய சொற்களும் போகின்றன. போர்க்கால விடுதியில் இருந்தவர்கள் இன்று தொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாங்கர்ஸ் என்றால் தெரியும். நினைப்புத் தேத்தண்ணி என்றால் தெரியாது.

ஆகவே பழைய மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விடுதியில் இருந்த காலத்துச் சாப்பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சொல் என்ன, எந்தச் சாப்பாட்டுக்கு வைத்தது, எந்த வருடங்களில் வழங்கியது, ஏன் அந்தப் பெயர் வந்தது, இந்த நான்கும் போதும். வைத்தவளின் பெயரை எழுத வேண்டியதில்லை. மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று யோசிக்கவும் வேண்டாம். எங்கள் மேற்றன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விடுதியை விட்டு வெளிக்கிட்ட கடைசி நாளில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லிவிட்டுப் போக நின்றபோது, அவர் என் தலையைத் தடவிச் சொன்னார்:

“போட்டு வா பிள்ளை. சனிக்கிழமையில இந்தப் பக்கம் வந்தா, தவக்கை முட்டை எடுத்து வைக்கிறன்.”